உருகாத பங்கு

யாத்திராகமத்தைத் தொடர்ந்து வாசித்துச் செல்பவர்கள், அந்நூலின் பிற்பகுதி ஏறக்குறைய முழுவதும் ஒரு கைவேலையின் விவரணமாகவே இருப்பதைக் கண்டு சற்றே திகைப்பதுண்டு. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து பெற்ற விடுதலை, கடல் பிளந்து வழிவிட்ட அற்புதம், சீனாய் மலையின் இடிமுழக்கத்தினிடையே அருளப்பட்ட பத்துக் கட்டளைகள் ஆகிய மகத்தான சம்பவங்களைச் சில அதிகாரங்களில் சொல்லி முடித்துவிடும் அந்த வேதம், ஆசரிப்புக் கூடாரம் ஒன்றைச் செய்யும் விஷயத்திற்கு வந்ததும் நிதானம் கொண்டு, பலகைகளின் நீளத்தையும் திரைகளின் அகலத்தையும் நூலின் நிறத்தையும் முதலில் கட்டளையாகவும் பிறகு அக்கட்டளை நிறைவேறிய வரலாறாகவும் இருமுறை விரித்துரைக்கிறது. அவ்விரு விவரணங்களுக்கும் நடுவில், தெரிந்தே வைக்கப்பட்டதுபோல, பொற்கன்றுக்குட்டியின் கதை நிற்கிறது.

யூத சமூக வாழ்வில் கலைக்குள்ள ஸ்தானத்தைப் பற்றிச் சிந்திக்கப் புகுவோர் இந்த அமைப்பை எண்ணிப் பாராமல் அப்பால் செல்லலாகாது என்பது என் துணிபு. ஏனெனில், கன்றுக்குட்டியும் ஊர் கூடிச் செய்த ஒரு கலைப்படைப்பே. மலைமேல் ஏறிய மோசே இறங்கிவரத் தாமதித்தபோது ஜனங்கள் ஆரோனைச் சூழ்ந்துகொண்டார்கள், மனைவியர், குமாரர், குமாரத்திகள் ஆகியோரின் காதணிகளைக் கழற்றிக் கொணர்ந்தார்கள், பொன் உருகியது, உருவம் எழுந்தது, மறுநாளே விருந்தும் ஆடலும் தொடங்கின. ஒருமித்த உள்ளம், தயங்காத ஈகை, கண்ணைக் கவரும் ஒரு பொருள், அதைச் சூழ்ந்த கொண்டாட்டம் என்று, சமூகக் கலைமுயற்சியின் லட்சணங்களாக இன்று நாம் போற்றுவன யாவும் அங்கே குறைவற இருந்தன. ஆயினும் அந்த விழா, சகோதரன் சகோதரனை வெட்டி ஏறக்குறைய 3,000 பேர் மாண்ட ஒரு நாளில் போய் முடிந்ததென்று அதே வேதம் கூறுகிறது.

பிரிட்டனின் தலைமை ரபியாக 1991 முதல் 2013 வரை விளங்கிய ஜோனதன் சாக்ஸ், 2007இல் வெளிவந்த தம் நூலொன்றில், கூடாரத்தின் கதையைச் சமூக ஒற்றுமைக்கு ஓர் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். ஆண்டவன் கடலைப் பிளந்தபோதும் வானத்து மன்னாவைப் பொழிந்தபோதும் முறுமுறுத்துக்கொண்டேயிருந்த மக்கள், தாங்களே ஒன்றைக் கட்டத் தொடங்கிய காலத்தில் மட்டும் முறுமுறுக்கவில்லை என்பதையும், தமக்காகச் செய்யப்பட்டவற்றால் அன்றித் தாம் செய்தவற்றாலேயே அவர்கள் ஒரு ஜனமாக உருவானார்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இதை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் இந்த உண்மை இன்னும் ஒரு கேள்விக்கு இடம் வைக்கிறது: கன்றுக்குட்டியையும் அவர்கள் தாமே அன்றோ செய்தார்கள்? அதே வனாந்தரம், அதே மக்கள், பெரும்பாலும் அதே பொன். ஒரு கூட்டுவேலை ஜனத்தைக் கட்டுவதும் மற்றொன்று அதைச் சிதைப்பதும் எதனால்?

விடையின் முதற்பகுதி, கூடாரத்திற்குரிய பொருள் சேர்ந்த முறையில் இருக்கிறது. ஜனத்தொகைக் கணக்கில் எண்ணப்பட்டவர் ஒவ்வொருவரும் அரைச் சேக்கல் வெள்ளி கொடுக்கவேண்டும். ஐசுவரியவான் அதற்கு மேல் கொடுத்தலும் ஆகாது, தரித்திரன் அதற்குக் குறைத்தலும் ஆகாது. 6,03,550 பேர் கொடுத்த அவ்வெள்ளி, 100 தாலந்தும் 1,775 சேக்கலுமாக நிறுக்கப்பட்டது. அந்த 100 தாலந்தும், பலகைகளும் தூண்களும் பொருந்தி நிற்கும் 100 வெள்ளிப் பாதங்களாக வார்க்கப்பட்டன. அதற்கு மேலே எழுந்த யாவும், சீத்திம் மரமும் இளநீல நூலும் இரத்தாம்பர நூலும் பொன்னும் நறுமணப் பொருளும், மனம் ஏவியவர்கள் மனம் ஏவிய அளவு கொடுத்தவை. மண்ணில் ஊன்றி நிற்கும் பாதம் சமமான ஈகையால் ஆனது. கண்ணுக்குத் தோன்றும் அழகு சமமற்ற ஈகையால் ஆனது. இவ்விரண்டில் எதை விட்டாலும் சமூகம் குறைபடும். எல்லாரிடமும் ஒரே அளவு மட்டுமே கேட்டிருந்தால் கைத்திறனும் மனவிரிவும் படைத்தவர்களுக்கு அங்கே வேலையிராது. விரும்பியவர் விரும்பியதை மட்டும் கொடுத்திருந்தால், அது சில செல்வக் குடும்பங்களின் கூடாரமாகி, மற்றவர்கள் அதில் விருந்தினராக நின்றிருப்பார்கள்.

கன்றுக்குட்டிக்குக் கொடுத்தவர்களிடம் கேட்கப்பட்டது பொன் மட்டுமே. அதைக் கொடுத்தபின் அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆரோன் ஒருவரே கருவி ஏந்தினார், மற்றவர் காத்திருந்து கண்டுகளித்தனர். கூடாரத்திலோ பொன் உருகியபோதும் மனிதருடைய பங்கு உருகிவிடவில்லை. ஞான இருதயமுள்ள ஸ்திரீகள் தங்கள் கைகளினால் நூல் நூற்றார்கள். வெள்ளாட்டு மயிரை நூற்ற பெண்களின் திறமையைத் தனியாகவே வேதம் குறிப்பிடுவதைக் கவனித்த, யூத சமயச் சட்டத் தொகுப்பான தல்மூத்தின் ஞானிகள், அவர்கள் ஆட்டின் முதுகிலிருந்து மயிரைக் கத்தரிக்காமலே, அது உயிருள்ள ஆட்டின்மேல் இருந்தபடியே நூற்றார்கள் என்று வியாக்கியானம் செய்தனர். தலைமைச் சிற்பிகளாக நியமிக்கப்பட்டவர் இருவர்: ராஜகோத்திரமாகப் பின்னாளில் உயரவிருந்த யூதா வம்சத்துப் பெசலெயேல் ஒருவர், பணிப்பெண்ணின் சந்ததியென்று தாழ்வாக எண்ணப்பட்ட தாண் வம்சத்து அகோலியாப் மற்றவர். பெரியவனுக்கும் சிறியவனுக்கும் இந்த வேலையில் வேற்றுமை வைக்கப்படவில்லை என்பதை, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி இவ்விடத்தில் சுட்டிக்காட்டுகிறார்.

இதே ராஷி எடுத்துரைக்கும் மற்றொரு மிட்ராஷ், அதாவது வேத விளக்கக் கதை, எனக்கு இன்னும் உகப்பானது. ஆசாரியர்கள் கைகால் கழுவும் வெண்கலத் தொட்டி, பெண்கள் கொண்டுவந்த முகம் பார்க்கும் தர்ப்பணங்களால் செய்யப்பட்டதென்று வேதம் கூறுகிறது. அலங்காரத்திற்கும் இச்சைக்கும் உரிய பொருளென்று மோசே அவற்றை வாங்க மறுத்தாராம். ஆண்டவனோ, எல்லாக் காணிக்கைகளிலும் தமக்கு மிகப் பிரியமானவை இவையே என்று சொல்லி ஏற்கச் செய்தாராம். எகிப்தில் செங்கல் சுமந்து சோர்ந்து விழுந்த கணவரிடம் உணவோடு சென்று, அந்தக் கண்ணாடியில் தம் முகத்தையும் அவர்கள் முகத்தையும் சேர்த்துக் காட்டி, வாழும் ஆசையை மீண்டும் எழுப்பியவர்கள் அப்பெண்கள். ஜனம் பெருகியது அதனால் என்பது மிட்ராஷின் விளக்கம். ஒரு சபையின் பொது வேலைக்கு எதைக் கொண்டுவரலாம், எது தகுதியற்றது என்று தீர்மானிக்கும் பொறுப்பு வகிப்போர் எத்தனை பெரியவராயினும் தவறக்கூடும் என்பதையும், கொடுப்பவரின் வாழ்க்கை அப்பொருளில் ஊறியிருப்பதே அதன் தகுதி என்பதையும் அந்த ஞானிகள் மோசேயையே பாத்திரமாக வைத்துச் சொல்லத் துணிந்தார்கள்.

விடையின் அடுத்த பகுதி, நிறுத்தத் தெரிந்ததில் இருக்கிறது. ஜனங்கள் காலைதோறும் காணிக்கை கொண்டுவந்துகொண்டேயிருக்க, வேலைக்கு வேண்டியதற்கு மிஞ்சிவிட்டது என்று சிற்பிகள் மோசேயிடம் முறையிட, இனி ஒருவரும் கொண்டுவரலாகாதென்று பாளயமெங்கும் கூறப்பட்டது. சமய வரலாற்றில் காணிக்கை போதுமென்று அறிவித்த தலைவர்கள் மிகச் சிலரே. அதனினும் கடுமையான நிறுத்தம் ஓய்வுநாள். கூடாரத்தின் அமைப்பு முழுவதையும் சொல்லி முடித்தவுடன், ஆண்டவனுடைய வீடேயானாலும் ஏழாம் நாளில் ஒரு கையும் அசையலாகாது என்ற கட்டளை வருகிறது. மோசே ஜனத்தைக் கூட்டிக் காணிக்கை கேட்குமுன்பும் அதே கட்டளையே முதலில் ஒலிக்கிறது. ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகள் எவை என்று வகுக்கப் புகுந்த ரபிகள், கூடாரம் செய்யத் தேவைப்பட்ட வேலைகளையே அளவுகோலாகக் கொண்டு, தங்கள் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 39 வகை வேலைகளைக் கணக்கிட்டனர். சாயச்செடிக்காக விதைத்தல், மயிர் கத்தரித்தல், நூற்றல், நெய்தல், தையல், சுத்தியலின் கடைசி அடி எனப் போகும் அப்பட்டியலில் இரண்டு எழுத்து எழுதுதலும் உண்டு. கூடாரத்தைக் கழற்றி மறுபடி பூட்டும்போது எந்தப் பலகைக்கு எது ஜோடி என்று தெரிவதற்காக அந்த 48 பலகைகளிலும் எழுத்துக் குறியிட்டதே அதற்கு மூலம் என்பர். ஆகவே இன்றும் பக்தியுள்ள யூதர் ஒருவர் ஓய்வுநாளில் பேனா எடுக்காமல் இருக்கும்போது, வனாந்தரத்தில் தம் முன்னோர் செய்த கூட்டுக் கலையின் ஒவ்வோர் அசைவையும், செய்யாமையால் நினைவுகூர்கிறார் எனலாம். வேலையின்மீது கொண்ட ஆவேசமே தெய்வமாகிவிடாதபடி காத்தது இந்தத் தடையே. கன்றுக்குட்டியைச் செய்தவர்களின் ஆவேசத்தில் அப்படியொரு தடை குறுக்கிடவில்லை.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த கூடாரத்தின் உள்ளறையில் வணங்குவதற்கு உருவம் எதுவும் இல்லை. கிருபாசனத்தின்மேல் சிறகு விரித்த இரு கேருபீன்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலிருந்தே தேவவாக்கு எழும். செய்த கைகள் தம் படைப்பின் முன் விழுந்து பணியாதிருப்பதற்கு இதைவிடச் சிறந்த அரண் இல்லை. விக்கிரகம் செய்யலாகாதென்ற கட்டளையால் யூதர்கள் கலையற்ற ஜனமாயினர் என்று பல காலம் சொல்லப்பட்டுவந்தது பிழை. கட்டளையை நிறைவேற்றினால் மட்டும் போதாது, அழகாக நிறைவேற்றவேண்டும் என்று தல்மூத் வற்புறுத்துகிறது. அழகிய குடில், அழகிய கொம்பு எக்காளம், தேர்ந்த எழுத்தாளன் நல்ல மையால் எழுதி நல்ல பட்டால் சுற்றிய தோரா என்று எடுத்துக்காட்டுகளும் தருகிறது. அதோடு, அழகிற்காக மிகுதியாகச் செலவிடுவது மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கட்டும் என்று வரம்பும் கட்டுகிறது.

இந்தக் கொள்கைகள் ஒரு சிற்றூரில் எப்படி உருக்கொண்டன என்பதற்குப் பேத் ஆல்பாவைக் காட்டிலும் எனக்கு மனம் ஒப்பிய சான்று இல்லை. கலிலேயாவுக்குத் தெற்கே, கில்போவா மலையின் அடியில், 1928ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைக் குடியேறிகள் பாசனக் கால்வாய் வெட்டியபோது வண்ணக் கற்கள் பதித்த தளமொன்று வெளிப்பட்டது. மறு ஆண்டு தொல்லியலாளர் எலியேசர் சுகேனிக் நடத்திய அகழ்வில், அது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு ஜெப ஆலயத்தின் தளம் என்று தெளிவாயிற்று. வாயிலில் நுழைந்ததும் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட முனையும் காட்சி. நடுவில் நான்கு குதிரை பூட்டிய ரதத்தில் சூரியனும் அவனைச் சுற்றிப் பன்னிரண்டு ராசிகளும். அதற்கு அப்பால் தோராப் பேழையும் இருபுறமும் குத்துவிளக்குகளும். இவையெல்லாம் அரசன் ஒருவனின் கொடையல்ல, ஊரார் அளித்த காணிக்கையால் ஜஸ்டின் சக்கரவர்த்தியின் ஆட்சியில் அமைக்கப்பட்டன என்று அரமேயக் கல்வெட்டு சொல்கிறது. வேலை செய்தவர்கள் மரியானோஸ் என்பவரும் அவர் மகன் ஹனினாவும் என்று கிரேக்கக் கல்வெட்டு அவர்களை நன்றியுடன் நினைக்கிறது.

அந்தச் சித்திரங்களை நிழற்படத்தில் காண்பவர்களுக்கும் ஒன்று உடனே புலப்படும்: தேர்ந்த நகரச் சிற்பிகளின் அளவுப் பிரமாணம் அங்கே இல்லை. முகங்கள் அகன்று, கண்கள் வட்டமாக விழித்து, கைகால்கள் குழந்தை வரைந்தவைபோல் நீண்டு நிற்கின்றன. மரத்தில் கட்டிய ஆட்டுக்கடா அந்தரத்தில் தொங்குவதுபோல் தோன்றுகிறது. மூலைகளில் வரைந்த நான்கு ருதுக்கள் தமக்குரிய ராசிகளுக்கு அருகில் அமையாமல் இடம் மாறியிருக்கின்றன. கலைவிமரிசகர் இதைப் பிழையென்று குறிக்கக்கூடும். ஆனால் அவ்வூரார் அதைப் பெயர்த்தெடுத்துத் திருத்தவில்லை. அதன்மேல் நின்று, தங்கள் காணிக்கையை மிதித்து, ஜெபித்தார்கள். உருவங்கள் சுவரில் நிமிர்ந்து நிற்காமல் பாதத்தின் கீழே படுத்திருந்ததால் அவற்றை வணங்கும் அச்சமும் எழவில்லை போலும். தாமே செய்வித்ததைத் தம் காலடியில் வைக்கத் தெரிந்த அடக்கம் அந்தக் குடியானவர்களிடம் இருந்தது.

ஆயினும் எந்தக் கைப்பிழையையும் யூத மரபு பொறுத்துக்கொள்ளும் என்று எண்ணுதல் தவறு. தோராச் சுருளில் 3,04,805 எழுத்துகள். அவற்றில் ஒன்று குறைந்தாலும், ஓர் எழுத்து மற்றொன்றைத் தொட்டாலும், திருத்தும்வரை அச்சுருளைச் சபையில் வாசித்தல் ஆகாது. எனினும் ஒவ்வொரு யூதரும் தமக்கென ஒரு தோரா எழுதுவது கடமை. ஓர் எழுத்தைச் சீர்செய்தவரும் முழுவதையும் எழுதியவராகக் கருதப்படுவார் என்பது தல்மூத். இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது? புதிய சுருள் முடிவுறும் விழாவில், கடைசிச் சில எழுத்துகளின் வரம்பை மட்டும் எழுத்தாளர் வரைந்து வைத்திருப்பார். சபையார் ஒருவர் பின் ஒருவராக வந்து, அவருடைய இறகைத் தொட்டோ அவர் கையோடு கை சேர்த்தோ ஒவ்வோர் எழுத்தை நிரப்புவார்கள். தவறுக்கு இடமே இல்லாத வேலையில் வல்லவன் மற்றவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். வேலை அவனிடமிருந்து பறிக்கப்படுவதில்லை.

அந்தச் சுருளைச் சுற்றும் துணிக்கோ இந்தக் கடுமை இல்லை. ஜெர்மானிய யூதரிடையே பல நூற்றாண்டுகளாக விம்பெல் என்றொரு வழக்கம் நிலவியது. ஆண்குழந்தையின் விருத்தசேதனத்தின்போது அதைப் போர்த்திய துணியைக் கிழித்துப் பட்டைகளாக்கி, ஒன்றோடொன்று தைத்து நீளமாக்கி, குழந்தையின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், அவன் தோராவுக்கும் திருமணப் பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வளரவேண்டுமென்ற பிரார்த்தனை ஆகியவற்றை அதில் பூவேலை செய்வார்கள் அல்லது வண்ணம் தீட்டுவார்கள். பிறந்த மாதத்து ராசியும், சிங்கமும் மானும் பறவையும் எழுத்துகளுக்கிடையே விளையாடும். குழந்தை நடந்து வரும் பருவத்தில், அதைத் தன் கையாலேயே ஜெப ஆலயத்திற்குக் கொண்டுவந்து தோராவைச் சுற்றக் கொடுப்பான். ஒரு தாயின் தையல் நேர்த்தியாயிருக்கும், மற்றொருத்தியின் தையல் கோணியிருக்கும். சபை இரண்டையும் ஏற்றது. இவ்வாறு ஓர் ஊரின் தலைமுறைகள் அனைத்தும் பேழைக்குள் துணியாகச் சேர்ந்திருந்தன. பெண்குழந்தைகளுக்கு அந்த இடம் கிடைக்காமற்போனது ஒரு குறையே. அண்மைக்காலத்தில் சில சபைகளில் அவர்கள் பெயராலும் விம்பெல் செய்யப்படுவதை நான் மகிழ்ச்சியுடன் வரவேற்கிறேன். இன்று பல நாடுகளில் சபையார் வீட்டுக்கு ஒரு துண்டாகத் தைத்து இணைத்துத் திருமணப் பந்தலின் விதானமோ பேழையின் திரையோ செய்கிறார்களே, அம்முயற்சிகளும் இந்த மரபின் கிளைகளே. தைத்த விதானத்தின் கீழ் மணமக்கள் நிற்கும்போதுதான் அது நிறைவுறுகிறது. சட்டமிட்டு நடைவழியில் மாட்டிவைத்தால் அதன் பொருள் பாதி போய்விடுகிறது என்றே சொல்வேன்.

இந்த அபிப்பிராயத்திற்குத் தடையாக ஒரு நிகழ்ச்சி என் முன் நிற்கிறது. அதைச் சந்திக்காமல் விடுவது நேர்மையாகாது. இன்றைய உக்ரைன் எல்லைக்குள் இருக்கும் குவோஸ்ஜியெட்ஸ் என்ற ஊரில் 17ஆம் நூற்றாண்டில் மரத்தால் எழுந்த ஜெப ஆலயம், விதானம் முழுவதும் ஜெப வாசகங்களும் மிருகங்களும் மலர்க்கொடிகளும் ராசிகளுமாகத் தீட்டப்பட்டுப் புகழ் பெற்றிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் போர்களில் ஆலயம் அழிந்தது. யூத இனப்படுகொலையில் அந்த வட்டாரத்துச் சபைகளே அழிந்தன. முதல் உலகப் போருக்கு முன் அலோயிஸ் பிரையர் என்ற கட்டடக்கலை மாணவர் எடுத்த அளவுகளும் நிழற்படங்களும், வேறு சிலர் தீட்டிய வண்ணப் பிரதிகளும் மட்டும் எஞ்சின. அவற்றைக் கொண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஹேண்ட்ஸ்ஹவுஸ் என்ற கலைக்கூடம், 2011இல் போலந்தின் சானோக் நகரில் பழைய கைக்கருவிகளாலேயே மரங்களைச் செதுக்கிக் கூரையைச் செய்தது. பின்னர் போலந்தின் பல ஊர்களில் எஞ்சி நிற்கும் ஜெப ஆலயக் கட்டடங்களில் பட்டறை அமைத்து, நூற்றுக்கணக்கான மாணவரும் தொண்டரும் விதானப் பலகைகளைத் தீட்டினர். மூலத்தில் 85 விழுக்காடு அளவினதான அக்கூரை இன்று வார்சாவின் போலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீட்டிய இளைஞர்களில் யூதரல்லாதார் பலர். அதன் கீழ் சபை இல்லை, பேழை இல்லை, பார்வையாளர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த அறைக்குச் செல்கின்றனர்.

இது யூத சமூகக் கலையா? எவ்விதப் பயன்பாடும் அற்ற நினைவுப்பொருளென்று நான் இதை ஒதுக்க முயன்றால், அந்த இளைஞர்களின் பொறுமை குறுக்கே நிற்கிறது. தாம் அறியாத மொழியின் எழுத்தைக் கோடு கோடாகப் பின்பற்றி, முகம் தெரியாத இரு ஓவியர்களின் கைத்தடத்தில் தம் கையை வைத்தவர்கள் அவர்கள். கூடாரத்தைச் செய்தவர்கள் ஒரு வகுப்பார், சுமந்தவர்கள் மற்றொரு வகுப்பார் என்பதை எண்ணாகமம் சொல்கிறது. லேவியரில் கோகாத் வம்சத்தார் பரிசுத்தப் பணிமுட்டுகளையும், கெர்சோன் வம்சத்தார் திரைகளையும், மெராரி வம்சத்தார் பலகைகளையும் பாதங்களையும் சுமந்தார்கள். மெராரியின் புத்திரருக்கு இன்ன பொருள் இன்னாருக்கென்று பெயர்பெயராகச் சொல்லி ஒப்படைக்கவேண்டும் என்பது கட்டளை. சுமப்பவன் செய்தவனாகிவிட முடியாது. ஆனால் அவன் தோள் இல்லையேல் கூடாரம் அடுத்த தங்குமிடத்தை எட்டாது. சானோக்கிலும் பிற ஊர்களிலும் உழைத்தவர்களை நான் இந்த வகுப்பில் வைக்கிறேன். அவர்கள் ஒருவரோடொருவர் உறவானார்கள். குவோஸ்ஜியெட்ஸின் சபையை அவர்களால் மீண்டும் எழுப்ப முடியவில்லை, அது அவர்கள் ஏற்ற வேலையும் அன்று. கூட்டு ஜெபத்திற்குப் பத்துப் பேர் வேண்டுமென்பது யூத விதி; அந்தப் பத்துப் பேரை ஓவியம் தரமாட்டாது, பெற்றோரும் ஆசிரியரும் ஓய்வுநாளும் மட்டுமே தரவல்லவை.